லிபியாவும் அதன் இரட்சகர்களும்

அன்னியச் சேனை ஒரு தேசத்தினுள் பிரவேசிக்கும்போது, "உங்களை அடிமைப்படுத்த வந்திருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வந்ததாகச் சரித்திரத்தில் எங்கும் காணோம். நாகரிகம் கற்பிக்க வருவார்கள்; கொடுங்கோலனிடமிருந்து குடிகளை மீட்க வருவார்கள்; ஒருவரையொருவர் வெட்டி மடியும் சகோதரர்களை விலக்கிவிட வருவார்கள். வந்தவர்கள் எப்பொழுது போவார்கள், போகும்போது எதை விட்டுப்போவார்கள் என்பதே ஜனங்கள் அறியவேண்டிய விஷயம். இதை ஆராய்வதற்கு 2011-ம் வருஷத்தில் லிபியாவில் நடந்ததைவிடத் தக்க வழக்கு வேறொன்று எமக்குத் தோன்றவில்லை. அங்கே சென்றவர்கள் வெறுங்கையோடு செல்லவில்லை. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த பாதுகாப்புச் சபையார் எழுதிக்கொடுத்த ஒரு பத்திரத்தோடு சென்றார்கள். பத்திரம் உள்ள வழக்கைப் பற்றிப் பேசுவது வக்கீல் தொழிலில் பழகியவனுக்கு ஒரு சௌகரியம்.

நண்பர்கள் சிலர் எம்மைக் கேட்கின்றனர்: "கொடுங்கோலன் தன் குடிகளையே சுட்டு வீழ்த்தும்போது உலகத்தார் கைகட்டி வாய்புதைத்து நிற்பதா? ராஜ்யங்களின் சுயாதிகாரம் என்ற பேச்சு கொலைகாரனுக்குக் கேடயமாவதா?" கேள்வி நியாயமானது. இதற்கு நழுவலான விடை கூறுவது யோக்கியமாகாது. ஆதலால் லிபியாவின் கலகம் எங்ஙனம் தோன்றிற்று என்பதை முதலில் கூறுவோம்.

திரிபோலி நகரிலுள்ள அபு சலீம் சிறையில் 1996-ம் வருஷம் ஜூன் மாதத்தில் 1,200-க்கு மேற்பட்ட கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பது அந்நாட்டார் கூறும் குற்றச்சாட்டு. பல வருஷங்கள் வரையில் மாண்டவர்களின் குடும்பத்தாருக்குச் செய்தியே தெரிவிக்கப்படவில்லை. தாய்மார்கள் சிறைவாயிலுக்குத் துணியும் உணவும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாங்கிக்கொண்ட காவலர்கள் மகன் இறந்ததைச் சொல்லவில்லை. அக்குடும்பங்களுக்காக வாதாடிவந்த பத்தி தெர்பில் என்ற பெங்காஸி நகரத்து வக்கீலை 2011 பிப்ரவரி மாதம் 15-ந் தேதி போலீஸார் கைது செய்தனர். அன்றிரவே ஜனங்கள் வீதிக்கு வந்துவிட்டனர். அவர்கள் எந்த அன்னிய வல்லரசையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. பதினைந்து வருஷ காலம் அடக்கிவைத்த துக்கம் அவர்களை அழைத்து வந்தது. அக்கலகத்தின் பிறப்பு நேர்மையானது என்பதில் எமக்குச் சிறிதும் ஐயமில்லை.

1969 முதல் 42 வருஷம் ஆண்ட கர்னல் கடாபிக்காக நாம் ஒரு சொல்லும் பரிந்து பேசப்போவதில்லை. எண்ணெய்ச் செல்வத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் ஜனங்களை எட்டியது உண்மையே. ஆனால் கட்சி கூடாது, சுதந்திரப் பத்திரிகை கூடாது, வாய் திறத்தல் கூடாது என்ற ஆட்சிக்கு அது ஈடாகுமோ? ரயில் போட்டார்கள் என்பதற்காக நம் முன்னோர் ஆங்கிலேயரை மன்னித்துவிடவில்லையே! கலகக்காரரைச் சந்து சந்தாக, வீடு வீடாகத் தேடி ஒழிப்பேன் என்று அவர் பிப்ரவரி 22-ந் தேதி கர்ஜித்தார். மார்ச் 17-ந் தேதி பெங்காஸிக்கு எதிரே அவருடைய டாங்கிகள் நெருங்கி வந்துகொண்டிருந்தபோது, எதிர்ப்பவர்களுக்குக் கருணை கிடையாது என்றார். ஆயுதத்தைக் கீழே போடுபவர்களை ஒன்றும் செய்வதில்லை என்றும் அதே பேச்சில் சொன்னார். முதல் வாக்கியம் உலகமெங்கும் பரவிற்று. இரண்டாவது வாக்கியத்தை யாரும் அச்சிட அவசரப்படவில்லை.

அதே மார்ச் 17-ந் தேதி பாதுகாப்புச் சபை 1973-ம் நெம்பர் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. பதினைந்து பேர் கொண்ட சபையில் பத்துப் பேர் அனுகூலமாக வாக்களித்தனர். அவர்களில் தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, காபோன் ஆகிய மூன்று ஆப்பிரிக்க நாடுகளும் அடக்கம். எதிர்த்தவர் எவரும் இல்லை. ரஷ்யா, சீனா, ஜெர்மனி, பிரேஸில், இந்தியா ஆகிய ஐந்து நாடுகளும் வாக்களியாமல் இருந்துவிட்டன. தீர்மானத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். உடனே சண்டையை நிறுத்துக என்பது முதல் பிரிவு. ஆப்பிரிக்க ஐக்கிய ஸ்தாபனத்தார் நியமித்த கமிட்டியின் சமாதான முயற்சியை இரண்டாவது பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதற்குப் பிறகுதான், நாலாவது பிரிவில், தாக்குதலுக்கு இலக்காகும் குடிகளையும் குடியிருப்புகளையும் காப்பதற்கு வேண்டிய சகல நடவடிக்கைகளையும் எடுக்கலாமென்றும், ஆனால் எவ்வுருவிலும் அன்னிய ஆக்கிரமிப்புச் சேனை கூடாதென்றும் இருக்கிறது. ஆட்சியை மாற்றுக என்று ஒரு வரி, ஒரு சொல் கிடையாது. இந்த அதிகாரம் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதும் கிடையாது. முன்னது தீர்மானத்தின் பலம். பின்னதுதான் அதற்கு எமனாக முடிந்தது.

இதற்கு ஒரு வாரம் முந்தி, மார்ச் 10-ந் தேதியே, பெங்காஸிக் கலகக்காரர்களின் இடைக்கால சபையை லிபிய ஜனங்களின் நியாயமான பிரதிநிதியென்று பிரான்ஸ் அங்கீகரித்துவிட்டிருந்தது. ஒரு வழக்கில் வாதியோடு வக்காலத்துப் போட்டுக்கொண்டவரே மறு வாரம் அமீனாவாக வந்து உத்தரவை நிறைவேற்றுகிறேன் என்றால், எந்த முன்சீப்பாவது சம்மதிப்பாரா? ஆனால் நியூயார்க்கில் சம்மதித்தார்கள். ஆப்பிரிக்கத் தலைவர்களின் கமிட்டியோ, மார்ச் 20-ந் தேதி திரிபோலிக்குப் பறப்பதற்காக மௌரிட்டானியாவின் தலைநகரில் காத்திருந்தது. தீர்மானத்தில் பெயர் குறிக்கப்பட்ட அக்கமிட்டிக்குப் பறக்க அனுமதி கிடைக்கவில்லை. அதற்கு முந்திய தினமே பிரெஞ்சு விமானங்கள் பறந்துவிட்டன.

அந்த முதல் தினத்தைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். மார்ச் 19-ந் தேதி பெங்காஸிக்கு வெளியே கடாபியின் டாங்கி வரிசை குண்டுகளால் சிதறடிக்கப்பட்டது. நகரத்தார் பிரெஞ்சுக் கொடியை ஆட்டிக் கூத்தாடினார்கள். அவர்களை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. பீரங்கி வாயெதிரில் மனைவி மக்களோடு நிற்பவன், கை கொடுப்பவனின் ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எத்தனை உயிர்கள் அன்று தப்பின என்பதை யாரும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. சில தப்பின என்றே வைத்துக்கொள்வோம். அன்று மாலை படை நின்றுவிட்டது, நகரம் பிழைத்தது, பத்திரத்தில் எழுதிய காரியம் முடிந்தது. அங்கேயே குண்டு வீச்சை நிறுத்திவைத்து, "இனி இருவரும் பேசுங்கள், பேச மறுப்பவனுக்கு எம் தயவு இல்லை" என்று சொல்லியிருந்தால், இன்று நாம் இக்கட்டுரையை எழுதவேண்டியிருந்திராது.

நிறுத்தவில்லை. மார்ச் 31-ந் தேதி நேட்டோ என்னும் யுத்தக் கூட்டு முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. அக்டோபர் 31 வரையில், ஏழு மாத காலத்தில், அதன் விமானங்கள் ஏறத்தாழ 26,000 தடவை பறந்தன. அவற்றில் 9,700 தடவை தாக்குவதற்கென்றே பறந்தவை. விமானங்கள் பல எழும்பிய இடம் இத்தாலி. இதே லிபியாவின் மண்ணில்தான், 1911 நவம்பர் 1-ந் தேதி, ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய விமானி தன் கையாலேயே சிறு குண்டுகளைக் கீழே போட்டான். ஆகாய விமானத்திலிருந்து மனிதர்மீது குண்டு வீசும் வித்தையின் பிறப்பு அதுதான். சரியாக நூறு வருஷம் கழித்து அவ்வித்தை பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தது.

ஏப்ரல் 10-ந் தேதி ஆப்பிரிக்கத் தலைவர்கள் ஒருவாறு திரிபோலியை அடைந்தார்கள். சண்டை நிறுத்தம், உதவிப் பொருள்கள் செல்ல வழி, இரு தரப்பாரின் பேச்சு என்பது அவர்கள் திட்டம். கடாபி ஏற்றுக்கொண்டதாக அவர்கள் அறிவித்தனர். கடாபி விலகாமல் பேச்சில்லை என்று பெங்காஸியார் மறுநாள் மறுத்துவிட்டனர். தலைக்கு மேலே நேட்டோவின் விமானங்கள் தமக்காகப் பறக்கும்போது எந்தக் கட்சிதான் ராஜிக்கு இசையும்? கடாபியின் ஒப்புதலில் எவ்வளவு வஞ்சனை இருந்தது என்பதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பமே வரவில்லை. சில தினங்களுக்குள் ஒபாமா, காமரூன், சர்க்கோஸி என்ற மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிப் பிரசுரித்தார்கள். கடாபி அதிகாரத்திலுள்ள லிபியாவின் எதிர்காலத்தைக் கற்பனை செய்யவும் முடியாது என்பது அதன் சாரம். காவலுக்குக் கொடுத்த பத்திரம் அன்றே கிழிந்துபோயிற்று.

எம் தொழிலில் ஒரு சாதாரணப் பாடம் உண்டு. அடிதடியைத் தடுக்கும்படி தடையுத்தரவு பெற்றவன், அதே உத்தரவைக் காட்டி வீட்டைச் சுவாதீனம் எடுத்துக்கொள்ள முடியாது. சுவாதீனம் வேண்டுமானால் அதற்கு வேறு தாவா, வேறு டிக்ரி. லிபியாவில் தடையுத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே சுவாதீனம் எடுத்தார்கள். லிபியாவுக்குள் யாரும் ஆயுதம் அனுப்பலாகாது என்று பிப்ரவரி 26-ந் தேதியே அதே சபை தடை விதித்திருந்தது. பிரான்ஸ் மேற்கு மலைப்பகுதியிலுள்ள கலகக்காரர்களுக்கு ஆகாயத்திலிருந்து ஆயுதங்களைப் போட்டதை ஜூன் மாதக் கடைசியில் தானே ஒப்புக்கொண்டது. தன் துருப்புகள் நூற்றுக்கணக்கில் தரையில் நின்றதைக் கத்தார் நாட்டுச் சேனைத் தலைவர் அக்டோபரில் வெளியிட்டார். அக்டோபர் 20-ந் தேதி சிர்த்தே நகரைவிட்டு ஓடிய கடாபியின் வாகனங்களை விமானங்கள் அடித்தன. சிறிது நேரத்தில் ஒரு சாக்கடைக் குழாயிலிருந்து இழுக்கப்பட்டு, விசாரணையின்றி அவர் கொல்லப்பட்டார். தப்பி ஓடுகிறவனை அடிப்பதால் எந்த நகரத்துக் குடிகள் அன்று காக்கப்பட்டார்கள் என்று கேட்டால், இன்றுவரை பதில் இல்லை.

குடிகளைக் காப்பது என்றால் எல்லாக் குடிகளையும் காப்பதுதானே? தவெர்கா என்றொரு ஊர். அங்கே வாழ்ந்தவர் பெரும்பாலும் கறுத்த நிறத்தார். கடாபியின் சேனை மிஸ்ராத்தா நகரை முற்றுகையிட்டபோது இவ்வூரார் சிலர் அதில் சேர்ந்து அக்கிரமம் செய்தனர் என்பது புகார். 2011 ஆகஸ்டு மாதத்தில் மிஸ்ராத்தா ஆயுதக் கூட்டத்தார் அவ்வூரிலிருந்து 30,000-க்கு மேற்பட்ட ஜனங்களை, குழந்தை, கிழவர் உட்பட, ஒருவர் விடாமல் துரத்தினார்கள்; வீடுகளைக் கொளுத்தினார்கள். நேட்டோ விமானங்கள் அப்பொழுதும் அதே ஆகாயத்தில்தான் பறந்துகொண்டிருந்தன. அதே மாதம் 8-ந் தேதி மஜெர் என்ற கிராமத்தில் அவற்றின் குண்டுகளால் சாதாரண ஜனங்கள் 34 பேர் மாண்டதாக ஐக்கிய நாடுகள் சபையின் விசாரணைக் கமிஷன் கண்டது.

நிற்க. வெற்றிக்குப் பின்னர் நிகழ்ந்தவற்றை விரித்தெழுத வேண்டுவதில்லை. 2012 செப்டம்பரில், காப்பாற்றப்பட்ட அதே பெங்காஸியில் அமெரிக்க ஸ்தானீகர் கொல்லப்பட்டார். 2014-ல் நாடு கிழக்கொரு சர்க்கார், மேற்கொரு சர்க்கார் என்று பிளந்தது. 2019 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபையின் காரியதரிசியே திரிபோலியில் தங்கியிருக்கும்போது, ஹஃப்தர் என்ற கிழக்குத் தளபதி அந்நகரின்மீது படையெடுத்தார். அவருக்குத் துணை எகிப்து, ஐக்கிய அரபு எமிரேட்டுகள், ரஷ்யக் கூலிப்படை. எதிர்த் தரப்புக்குத் துணை துருக்கி. பிரான்ஸ் ஆகாயத்திலிருந்து ஓட்டை போட்ட அதே ஆயுதத் தடை, இப்பொழுது எல்லோரும் வண்டியோட்டும் ராஜபாட்டையாயிற்று. அது வெறும் பரிகாசமாகிவிட்டதென்று 2020-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதியே சொல்லிவிட்டார். தேசம் சுதந்திரமடைந்த 70-வது ஆண்டு நிறைவான 2021 டிசம்பர் 24-ந் தேதிக்கு ஏற்பாடான பொதுத் தேர்தலும் நடக்கவில்லை.

ஆயுதங்கள் எல்லையைத் தாண்டின. கடாபியின் சேனையில் சேவகம் செய்த துவாரெக் வீரர்கள் துப்பாக்கிகளோடு மாலி நாட்டுக்குத் திரும்பி, 2012 ஜனவரியில் அங்கே கலகம் தொடங்கினார்கள். மார்ச் மாதத்தில் மாலி ஜனாதிபதி துரே பதவியிழந்தார். முந்திய ஏப்ரலில் சமாதானம் பேசத் திரிபோலிக்குச் சென்றவர்களில் அவரும் ஒருவர். பிறகு அக்கலகத்தை அடக்கவென்று 2013-ல் பிரான்ஸே மாலிக்குச் சேனை அனுப்பி, ஒன்பது வருஷம் போராடி, 2022-ல் வெறுங்கையோடு வெளியேறிற்று.

2023 செப்டம்பர் 10-ந் தேதி இரவு தெர்னா நகருக்கு மேலேயுள்ள இரண்டு அணைகளும் புயல் மழையில் உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் உறங்கியபடியே கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டனர். அவ்வணைகளைப் பழுதுபார்க்கும் வேலை ஒரு கம்பெனியிடம் விடப்பட்டுத் தொடங்கியும் இருந்தது. 2011-ம் வருஷத்துக் கலகத்தோடு நின்றுபோன அவ்வேலையைப் பிறகு ஒருவரும் மீண்டும் நடத்தவில்லை. ஒரு சர்க்காரை இடிப்பதென்றால் கொடுங்கோலனின் சிங்காதனம் மட்டும் இடிவதில்லை. அணைக்காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்கும் ஆபீஸும் கூடவே இடிகிறது.

"அதன் பின்னர் லிபியர்கள் ஒற்றுமையாக இராதது அவர்கள் குற்றம், விடுவித்தவர்கள் என்ன செய்வார்கள்?" என்று ஒரு சமாதானம் கூறப்படுகிறது. இத்தகைய நியாயத்தை நம் தேசத்தார் இருநூறு வருஷம் கேட்டவர்கள். லிபியத் தலைவர்களின் பேராசையும் குலப்பகையும் குற்றமே. ஆனால் விடுவித்தவர்களின் நாட்டிலேயே இது பற்றிப் பின்னர் வெட்கம் தோன்றிற்று. 2011 மார்ச் 21-ந் தேதி பிரிட்டிஷ் காமன்ஸ் சபை 557 வாக்குக்கு 13 என்ற கணக்கில் இந்த யுத்தத்தை ஆதரித்தது. 2016 செப்டம்பரில் அச்சபையின் கமிட்டியே, குடிகளுக்கிருந்த அபாயம் மிகைப்படுத்தப்பட்டதென்றும், காவல் காரியம் ஆட்சி மாற்றக் காரியமாக நழுவிவிட்டதென்றும் எழுதிற்று. வெற்றிக்கு மறுநாளைப் பற்றி யோசியாதது தமது மிகப் பெரிய தவறென்று ஒபாமாவும் அதே வருஷம் ஒப்பினார். ஐந்து வருஷம் கழித்து எழுதிய அறிக்கையால் தவெர்காவில் ஒரு கூரையும் எழவில்லை.

இந்தப் பத்திர மோசடியால் பெருநஷ்டம் அடைந்தவர்கள் லிபியர்கள் மட்டுமல்லர். அதே 2011-ல் சிரியாவிலும் ஜனங்கள் எழுந்தார்கள். அங்கும் சர்க்கார் சுட்டது. அக்டோபர் 4-ந் தேதி பாதுகாப்புச் சபையில் ஒரு சாதாரணக் கண்டனத் தீர்மானம் வந்தபோது ரஷ்யாவும் சீனாவும் அதை ரத்து செய்தன. லிபியாவில் நடந்ததை ரஷ்யப் பிரதிநிதி காரணமாகக் காட்டினார். ரஷ்யாவுக்குத் தர்ம சிந்தை மேலிட்டது என்று நாம் நம்பவில்லை. 2015 செப்டம்பரில் அதே ரஷ்யா தன் விமானங்களைச் சிரியாவுக்கு அனுப்பிற்று. குண்டு யாருடையதானாலும் கீழேயிருப்பவனுக்கு ஒன்றே. ஆனால் அக்டோபரில் அவர்களுக்கு அந்தச் சாக்கைக் கையில் கொடுத்தவர்கள் யார்? அடுத்த முறை உண்மையாகவே ஒரு நகரம் அபயக்குரல் எழுப்பும்போது அதை நம்புவாரில்லாமல் செய்தவர்கள் யார்?

அயலாரைக் குறை கூறும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இந்தியச் சேனை இலங்கைக்குச் சென்றது. அச்சேனையின் பெயரே அமைதி காக்கும் படை. அதற்கும் பத்திரம் இருந்தது. அந்நாட்டு ஜனாதிபதியே அழைத்திருந்தார். மூன்று மாதத்திற்குள், காப்பதற்கென்று போன தமிழர்களின் ஊர்களிலேயே அது யுத்தம் செய்யலாயிற்று. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குள்ளும் உயிர்கள் போயின. நம் சிப்பாய்கள் 1,100-க்கு மேற்பட்டவர்கள் அம்மண்ணில் மடிந்தார்கள். வெளியேறும் தேதியை நாம் முன்கூட்டி நிச்சயிக்கவில்லை. போகச் சொன்ன பிறகே 1990 மார்ச்சில் திரும்பினோம். சென்னையில் வந்திறங்கிய சேனையை வரவேற்க நம் முதன்மந்திரி போகவில்லை. அழைப்பும் கையெழுத்தும் இருந்தும் காரியம் இவ்வாறு மாறிற்றென்றால், அழைப்பில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை.

அவ்வனுபவம் உள்ள தேசம் 2011 மார்ச் 17-ந் தேதி என்ன செய்தது? லிபியாவிலிருந்த நம்மவர் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலிலும் விமானத்திலும் திறமையாக மீட்டுவந்த சர்க்கார், நியூயார்க்கில் வாக்களியாமல் உட்கார்ந்திருந்தார்கள். உத்தரவை நிறைவேற்றப்போவது யார், எந்தச் சாதனங்களோடு என்பது தெளிவாக இல்லை என்று நம் பிரதிநிதி சொன்னார். மிகச் சரியான ஆட்சேபம்! ஆனால் ஆட்சேபம் சரியென்றால் திருத்தம் கொண்டுவந்திருக்க வேண்டும். திருத்தம் ஏற்கப்படாவிட்டால் எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டும். தஸ்தாவேஜில் குற்றம் கண்டும் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் எழுந்துபோவது மட்டும் போதும் என்று நினைப்பவர், பிறகு நடக்கும் மோசடியில் தமக்குப் பங்கில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. பிரேஸிலாவது அவ்வருஷம் நவம்பரில் விழித்துக்கொண்டு, காப்பதற்கு அதிகாரம் பெறுவோர் அதைப் பிரயோகிக்கும் முறைக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமென்று ஒரு யோசனையை எழுதி அனுப்பிற்று. வல்லரசுகள் அதைக் கிடப்பில் போட்டன. நாம் அதற்கு உரத்த குரலில் துணை நின்றோமா?

பாதுகாப்புச் சபையில் நிரந்தர ஆசனம் வேண்டுமென்று நம் சர்க்கார் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகின்றனர். கேட்பது நியாயமே. அங்கே இதே வார்ப்பில் இன்னொரு தீர்மானம் வரும். எந்தக் கொடுங்கோலனை முன்னிட்டு என்பதே வித்தியாசம். கோர்ட்டார் நியமிக்கும் சாதாரண ரிஸீவர்கூடக் கணக்கு ஒப்புவிக்கக் கட்டுப்பட்டவர். தவணைத் தேதி எழுதப்படாத, நிறைவேற்றுபவர் மாதந்தோறும் சபைக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டாத, வழக்கில் ஒரு கட்சியை முன்பே அங்கீகரித்தவர் கையில் ஆயுதத்தைக் கொடுக்கும் தீர்மானம் எதுவாயினும் இந்தியா அதை எதிர்த்து வாக்களிக்கும் என்று வெளிநாட்டு மந்திரி பார்லிமெண்டில் எழுந்து இப்பொழுதே சொல்லட்டும்.